ஒரே ஐடியில் இரண்டு பாத்தி

மரக்காணம் உப்பளக் கரையில் கம்ப்யூட்டரிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் ஸ்கிரிப்ட் அண்ணன்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. உப்பளக்காரர்கள் சங்கத்தில் நான் டைப்பிஸ்ட், அவர் வெப்சைட்டைக் கவனித்தவர். அவர் சொல்வது எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. புரியவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பிப்பார், அதனால் தலையாட்டிவிடுவேன்.

ஒருமுறை பழைய தலைவரின் போட்டோவை வெப்சைட் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 'போட்டோவை மறை' என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். புதுத் தலைவர், உப்பளம், பிள்ளையார் எல்லோரும் சேர்ந்து மறைந்தார்கள். எந்தப் போட்டோ என்று சொல்லாதது தன் தப்புதான் என்று திரையைப் பார்த்துக் கைகூப்பினார். எதிரே நின்ற புதுத் தலைவர், கும்பிடு தனக்குத்தான் என்று நினைத்து மன்னித்துவிட்டார்.

அடுத்து மழைப் பக்கம் செய்தார். ஒவ்வொரு உப்புப் பாத்திக்கும் திரையில் ஒரு பச்சைக் கட்டம். மழை வருது, ஆள் வேண்டும் என்று போன் வந்தால், அந்தக் குடும்பத்தின் பட்டனை அழுத்துவேன். கட்டம் சிவப்பாகும். ஆட்கள் செல்போனில் பார்த்து, அங்கே போய் உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள்.

அனுமந்தையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் பாத்தி. பாகம் பிரியாத குடும்பம். அவர்களின் கட்டங்களுக்கு, ஸ்கிரிப்ட் கூப்பிடுகிற பெயரான ஐடியை வேறு வேறாக வைக்க ஸ்கிரிப்ட் அண்ணன் மறுத்து, இரண்டுக்கும் ஒன்றையே வைத்துவிட்டார்.

"பாகம் பிரியாத வூட்டுக்கு நான் எப்பிடிம்மா தனித்தனியா வைப்பேன்? நாம பிரிச்சி வுட்ட மாதிரி ஆயிடும்."

கண்ணுக்கே தெரியாத ஐடியால் குடும்பம் எப்படிப் பிரியும் என்று குழம்பினேன். வழக்கம்போலத் தலையாட்டினேன்.

சித்திரையில் திடீர் மழை. அண்ணன்காரரான பெரியவர் இரண்டு பாத்திக்கும் ஆள் கேட்டுப் போன் செய்தார், குடும்பத்தின் பட்டனை அழுத்தினேன். அவர் கட்டம் மட்டும் சிவந்தது, தம்பியுடையது பச்சையாகவே நின்றது. ஆட்கள் பெரியவர் குவியலை மட்டும் மூடிவிட்டுப் போனார்கள். தம்பியின் உப்பில் பாதி கரைந்து வாய்க்காலோடு போயிற்று.

மறுநாள் தம்பி சங்கத்துக்கு வந்துவிட்டார், பின்னாலேயே பெரியவரும்.

"எங்கண்ணன் சொல்லாம இது நடக்குமா? எம்பாகத்தப் பிரிச்சிக் குடுத்துடச் சொல்லுங்க."

பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தப்பைத் தேடிப் பிடித்த ஸ்கிரிப்ட் அண்ணன் எழுந்து வந்து விளக்கினார். ஒரு ஐடி ஒரே கட்டத்துக்குத்தானாம். இரண்டுக்கு வைத்தால் முதலில் கிடைப்பதோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடுமாம். குடும்பத்துக்குப் பொதுவாக வைக்கத்தான் கிளாஸ் என்று ஒரு கூட்டுப் பெயர் இருக்கிறதாம். அந்தக் கிளாஸில் இருக்கிற எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக நிறம் மாற்ற வேண்டுமாம். தம்பி என்னைப் பார்த்தார், நான் பெரியவரைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் ஸ்கிரிப்ட் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கண்ணன் ரெண்டையும் மூடத்தாங்க சொன்னாரு. ரெண்டாவத வுட்டவன் நான். என்னத் திட்டுங்க."

தம்பி திட்டினார். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் திட்டினார். ஸ்கிரிப்ட் அண்ணன் நின்று கேட்டுக்கொண்டார். திட்டிக் களைத்த தம்பி, தன் அண்ணன் வண்டியிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்.

அன்று சாயந்திரமே ஸ்கிரிப்ட் அண்ணன் எல்லாவற்றையும் திருத்தி, பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டு கட்டமும் சேர்ந்து சிவந்தன. எப்படி என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.