பம்பைத் தாளத்தில் ஏழாம் வாய்ப்பாடு

எனக்குக் கணக்கு வரும். கணக்குச் சொல்லித்தர வராது. இதை நான் ஒப்புக்கொள்ள ஓர் அம்மனே நேரில் வர வேண்டியிருந்தது.

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மூளை எப்படிக் கற்கிறதோ அப்படியே கற்பிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தாளத்தோடு சொன்னால் மூளை மறக்காது என்ற ஒரு வரி மட்டும் எனக்குப் பிடிபட்டது. (மற்ற நேரமெல்லாம் பஜ்ஜி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அடுத்து, பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு. நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். அன்று அமாவாசைக்கு முதல் நாள். ஆறாம் வகுப்பில் பாதிப்பேர் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம். அந்த மூளைகளுக்குப் பழகிய தாளம் கோயில் பம்பை மேளம்தானே என்று தோன்றியது. (என் மூளைக்கு அன்று காய்ச்சல் கண்டிருக்க வேண்டும்.)

"ஏழு ஒண்ணு ஏழு" என்று மேசையில் தட்டினேன். பிள்ளைகள் பெஞ்சில் தட்டினார்கள். போகப் போக வேகம் ஏறி அறையே அதிர்ந்தது. தாளாளர்கூடக் காலால் தாளம் போட்டார். வேலை நிரந்தரம் என்று நான் நினைத்த நொடியில் பின்னாலிருந்து ஓர் அலறல். நிலத்தில் மல்லாக்கொட்டை பறிக்கிற வேலையை விட்டு வந்திருந்த, என் மாணவி சுமதியின் அம்மா, முடி அவிழ சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தார்.

"தட்டறத நிறுத்துங்க சார்!" என்று தாளாளர் கத்தினார். நான் நிறுத்தினேன், பிள்ளைகள் நிறுத்தவில்லை.

பக்கத்திலிருந்த ஒருவர் காலில் விழுந்தார். "தாயே, இன்னா கொற வெச்சோம்? சொல்லு!"

அம்மன் என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. "எம்புள்ள கண்ணு முழிச்சிப் படிக்குது. ஒண்ணும் ஏற மாட்டேங்குது. இவன் இன்னாடா சொல்லித் தரான்?"

பிள்ளைகள் அப்போதுதான் தட்டுவதை நிறுத்தினார்கள். சுமதி தலைகுனிந்து அழுதாள். அவளுக்கு மூன்றாம் வாய்ப்பாடே வராது என்பது எனக்குத் தெரியும். ஒருநாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்ததில்லை.

திருநீறு பூசி அம்மனை மலையேற்றினார்கள். நடந்தது எதுவும் நினைவில்லாத சுமதியின் அம்மா, முடியை முடிந்துகொண்டு என்னிடம் வந்து கைகூப்பினார்.

"எம்பொண்ணு நல்லாப் படிக்குதா சார்?"

"படிக்குதுங்க" என்றேன்.

வேலை அன்றைக்கே போயிற்று. இப்போது அவலூர்பேட்டையில் ஓர் உரக்கடையில் இருக்கிறேன். என் பையன் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், "நைனாகிட்ட போவாதடா, சாமி வந்துடும்!" என்பாள் மனைவி. வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். சுமதி ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள் என்று அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.