மிதக்காத ஜாக்கெட்டும் சர்டிபிகேட் அண்ணனும்

அரசாங்க விதிகளை அரசாங்கத்தைவிட அதிகமாக நம்புகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பூரணாங்குப்பத்தில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘சர்டிபிகேட்’ என்றால் நண்டு சிண்டுகூட வீட்டைக் காட்டும்.

அவருடைய மோட்டார் வைத்த பைபர் படகில்தான் என் கணவர் கடலுக்குப் போகிறார். லைஃப் ஜாக்கெட் வைத்திருந்தால் போதாது, போட்டுப் பழக வேண்டும் என்பது அண்ணன் கட்சி. அதனால் டீக்கடைக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டோடுதான் வருவார். என் மகனுக்குப் பெயர் வைத்த விருந்தில் அப்படியே வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

“இன்னாண்ணே, சாம்பார்லயா முழுவப் போற?” என்றார் என் கணவர்.

“நீ சிரிடா. நான் செய்றது சரியா தப்பான்னு உன் பொண்டாட்டியக் கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாம்பார் வாளியோடு உள்ளே போய்விட்டேன்.

பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் படகை இறக்கக் கூடாது. பரிசோதனை நாளில் எங்கள் கரையில் ஒரு வழக்கம். அதிகாரி ஒரு படகைப் பார்த்துவிட்டு இளநீர் குடிப்பதற்குள், அதிலிருந்த ஜாக்கெட்டுகள் வலைக்கடியில் பதுங்கி அடுத்த படகுக்குப் போய்விடும். அவை மிதக்குமா என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கேட்க ஆசைதான். கடலுக்குப் போகிறவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை.

அண்ணன் மட்டும் சொந்தமாகப் புது ஜாக்கெட்டுகள் வாங்கியிருந்தார். அதிகாரி எண்ணிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“எண்ணுனா ஆச்சா சார்? மொதக்குதான்னு பாக்க வேணாம்?” என்றவர், ஜாக்கெட்டோடு முகத்துவாரத்தில் குதித்தார்.

கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. என் கணவர் பாய்ந்து, முடியைப் பிடித்து இழுத்து வந்தார். ஜாக்கெட் ஈரத் தலையணை மாதிரி கனத்தது.

மூச்சு வந்ததும் அண்ணன் கத்தினார்: “சார், எம் போட்டுக்கு சர்டிபிகேட் குடுக்காத!”

“பேப்பர வாங்கிக்கய்யா, ஜாக்கெட்ட அப்புறம் மாத்திக்க” என்று அதிகாரி கெஞ்சினார்.

“முழுவுற ஜாக்கெட்டுக்கு மொதக்குற பேப்பரா?”

படகு கரையில் நின்றது. வீட்டில் அரிசி குறைந்தது. “வேற போட்டுல போவட்டுமா?” என்று கணவர் கேட்டார். அங்கே என்ன ஜாக்கெட் என்று எனக்குத் தெரியும். சரி என்பதா, வேண்டாம் என்பதா? “கொஞ்சம் பாக்கலாங்க” என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை, சொட்டச் சொட்ட நனைந்து, தும்மிக்கொண்டே அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் ஈர ஜாக்கெட்.

“மாத்தி வாங்குனது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாட்டிகினு கொளத்துல குதிச்சுப் பாத்துட்டேம்மா. இது உன் வூட்டுக்காரனுது.”

இப்போது என் கணவர் அவர் படகில் போகிற நாட்களில், குழந்தையோடு சேர்ந்து நானும் தூங்கிவிடுகிறேன்.