ஒத்த ஸ்டாரு அண்ணாச்சி

இந்த உலகத்தில் எதுவுமே அவருக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சியைத்தான் சொல்கிறேன். விஸ்வநத்தம் பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிப் போகிற நேரம் போக, செல்போனில் கண்டதற்கெல்லாம் ஸ்டார் போடுவார். பரோட்டாக் கடைக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று. அதற்கு மேல் விரல் நகராது. தெருவே அவரை 'ஒத்த ஸ்டாரு' என்றது.

ஒருநாள் அம்மன் கோயிலுக்கும் ஒன்று போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்தாளுக்கே ஒத்த ஸ்டாரா? நாக்கு அழுகிரும் அண்ணாச்சி!"

"ஆத்தாளுக்கு இல்ல தாயி, செருப்பு விடுத எடத்துக்கு. எஞ்செருப்பு போச்சுல்ல?"

அவர் மகளும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடம். செல்போனில் அதற்கு அஞ்சு ஸ்டார் மின்னியதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். ஆனால் பெண்பிள்ளைகள் கக்கூஸில் தாழ்ப்பாள் கிடையாது. கூச்சத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, என் மகள் நீர்க்கடுப்பில் துடித்தாள். பலமுறை சொல்லியும் பள்ளியில் யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த அஞ்சு ஸ்டார் வந்த வழி பெற்றோர் கூட்டத்தில்தான் தெரிந்தது. செல்போனில் அஞ்சு ஸ்டார் அமுக்கிக் காட்டினால்தான் ரேங்க் கார்டு. வரிசையில் எனக்கு முன்னால் ஒத்த ஸ்டாரு. வழக்கம்போல் ஒன்றை அமுக்கி, "பொட்டப்புள்ளைக கக்கூசுல தாப்பா இல்ல" என்று போனிடம் உரக்கச் சொல்லி எழுதவும் வைத்தார்.

ரேங்க் கார்டு கொடுத்துக்கொண்டிருந்த பள்ளி மேனேஜர் முகம் சிவந்தது. "அத எடுங்க. இல்லன்னா பிள்ளைக்கு டிசி வாங்கிட்டுப் போங்க."

"தாப்பாளப் போடுங்க, எடுத்துருதேன்."

"மிரட்டுதீகளா?"

"பொண்டாட்டி சாம்பாருக்கே ஒத்த ஸ்டார் போட்டுப் பட்டினி கெடந்தவன் நான். ஒங்களுக்கா பயப்படுவேன்?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. டிசி எழுதச் சொல்லிவிட்டு, "அடுத்து வாங்க" என்றார். அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிசிக்காக ஓரமாய் ஒதுங்கி நின்றார்.

அடுத்தது நான். மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு ஒன்றை அமுக்கினேன். பின்னால் நின்ற, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அக்காவும் ஒன்று. வரிசை நெடுக ஒன்று, ஒன்று, ஒன்று.

"எல்லாருக்கும் டிசி எழுதுங்க சார். பேனாவுல மை இருக்கா?" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை எல்லாக் கதவிலும் புதுத் தாழ்ப்பாள். டிசி பேச்சே இல்லை. சொன்னபடி அண்ணாச்சி பழையதை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ரெண்டு ஸ்டார் போட்டார்.

"அஞ்சு போட்டாத்தான் என்ன அண்ணாச்சி?"

"தாப்பா இறுக்கமா இருக்காம்லா தாயி."

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வீட்டில் உள்ளவர்கள் பேரைச் சொல்லி வேண்டுவேன். அவருடைய நிஜப் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது. "தாயே, அந்த ஒத்த ஸ்டாரையும் பாத்துக்கோ" என்பேன். ஆத்தாளுக்குத் தெரியும்.