கௌதாரி வீட்டுக் கண்ணாடி

ஒரு காட்டில், கடல் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில், மாசிலாமணி என்றொரு கௌதாரி தன் மனைவி பூரணியோடு குடியிருந்தார். பறவைக்கு எதற்கு 'ர்' விகுதி என்று கேட்காதீர்கள். அவருக்குச் சொந்த வீடு இருந்தது.

அந்தக் காட்டுக்கு வருஷம் தவறாமல் புயல் வரும். போன வருஷம் பறந்து வந்த தென்னை மட்டை ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, பூரணி அடைகாத்த முட்டைகளை நசுக்கிவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. இந்த வருஷம் மறுபடி முட்டையிட்டதும் கணவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஏங்க, முதல்ல அந்த ஜன்னலைப் பாருங்க."

மாசிலாமணி உடனே கிளம்பினார். கெட்டவர் இல்லை. வாங்கிய பொருள்மேல் பாசம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். குடை நனைந்துவிடுமே என்று அதை இறக்கைக்குள் ஒளித்துக்கொண்டு மழையில் சொட்டச் சொட்ட வீடு திரும்புவார். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கல்யாணத்திலிருந்து இன்றுவரை கழற்றவில்லை.

கண்ணாடிக் கடை சிங்காரம் என்கிற குரங்குக்குச் சொந்தம். அந்தக் காட்டில் யாரும் தனியாகப் போய்ப் பொருள் வாங்க மாட்டார்கள். அபிப்பிராயம் சொல்ல அக்கம்பக்கத்தார் கூடவே வருவார்கள். ஆமை எல்லாக் கடைக்கும் வந்து, தனக்கு இது தேவையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகும்.

சிங்காரம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாதாரணக் கண்ணாடி வேடிக்கை பார்க்க மட்டும்தான். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும், ஆளைக் குத்தாது, ஆனால் ஜன்னல் திறந்த வாயாகிவிடும். பாலிகார்பனேட் தகடு உடையவே உடையாது, ஆனால் துடைத்தாலே கீறல் விழும். கடைசியாக, இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடும், ஆனால் சட்டத்தை விட்டு அசையாது.

"சார், உடையறது பெரிசில்ல. காத்து உள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா கூரையத் தூக்கிட்டுத்தான் வெளிய போகும்" என்றார் சிங்காரம்.

கடைசியாகச் சொன்னதன் மாதிரித் துண்டு ஒன்றை நிறுத்தி, சோதித்துப் பார்க்க எல்லாரும் ஆளுக்கொரு தேங்காய் எறிந்தார்கள். காட்டுப்பன்றி இரண்டு எறிந்தது. கண்ணாடியில் கோலம் போட்டாற்போல் விரிசல் ஓடியதே தவிர, ஒரு சில்லும் விழவில்லை. மாசிலாமணி அசந்துபோனார். அதே ரகத்தில் புதிதாக ஒன்று வாங்கினார்; ஒரு வருஷத்துக்குச் சேர்த்த தினை மொத்தமும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையில் துடைப்பார், மாலையில் துடைப்பார். மூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிரிக்க விடமாட்டார். ஈ வந்து உட்கார்ந்தால் அவருக்கு முகம் வாடிவிடும்.

அப்புறம் காக்கை ஒலிபெருக்கியோடு வந்து புயல் எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனது. காடு முழுக்க ஜன்னல்களை இழுத்துச் சாத்தினார்கள். மாசிலாமணி ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து ஜன்னலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"புயல் வருதுங்கறாங்க பூரணி. கண்ணாடியில ஏதாவது வந்து பட்டுட்டா?"

படுவதற்காகத்தானே வாங்கினோம் என்று பூரணி வாதாடினாள். முட்டைகளைக் காட்டினாள். அழுதும் பார்த்தாள். இருக்கிற நல்ல போர்வைகளையெல்லாம் கண்ணாடிக்குச் சுற்றிக்கொண்டே, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை மழையில் நிறுத்த யாருக்காவது மனசு வருமா என்று அவர் கேட்டார். பூரணிக்கு அந்தக் குடை ஞாபகம் வந்தது. பேச்சை நிறுத்திவிட்டாள்.

பொதியைக் கட்டக் கயிறு எடுக்க அவர் உள்ளே போனார். அந்த இடைவெளியில் பூரணி முட்டைகளைத் தூக்கிப் போர்வை மடிப்புக்குள், கண்ணாடிக்கு மேலேயே வைத்து மூடினாள். அவர் கயிறோடு வந்தபோது, பொதியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கலாம் என்று தானே முன்வந்து சொன்னாள். கடைசியில் இவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

புயல் வந்தது. ஜன்னலிருந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, சிங்காரம் சொன்னபடியே கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. சோபா அதன் உறையோடு பறந்தது. மாசிலாமணி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பொதியின்மேல் இறக்கைகளை அகல விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் உடம்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசித்தும் எழவில்லை. பக்கத்தில் ஒண்டியிருந்த பூரணியிடம் மட்டும், கண்ணாடிமேல் கால் படாமல் தள்ளி உட்காரச் சொன்னார்.

காற்று ஓய்ந்து கட்டை அவிழ்த்தபோது போர்வைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று குஞ்சுகள் தலைநீட்டின. ஒன்றுகூடச் சேதமில்லை. பூரணி அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். மாசிலாமணியும் குஞ்சுகளை மெதுவாக நகர்த்தினார், அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க.

அடுத்த வருஷம் முட்டையிட்டதும் பூரணி ஜன்னல் பேச்சையே எடுக்கவில்லை. இன்னொரு கண்ணாடி வாங்கச் சொன்னாள், இதைவிட விலை கூடியதாக.

நீதி: உங்கள் வீட்டில் யாரையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், விலை உயர்ந்த பொருள் ஒன்றின்மேல் படுக்க வையுங்கள்.