ஒரு பிரதி வாங்கிய பாச்சா

வள்ளல்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டுச் சாமானில் ஒரு டம்ளரைக்கூட இரவல் தரமாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு புத்தகம் வந்து இறங்கிவிட்டால் போதும், மாமா, மச்சினன், மச்சினனின் ஆபீஸ் நண்பர், அந்த நண்பரோடு எப்போதோ ரயிலில் வந்தவர் என்று அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். சின்ன காஞ்சிபுரத்துக்கு வாய்த்த வள்ளல் பாச்சா.

2006இல் அவருடைய சித்தி பெண் ரமாமணி ஒரு மின்புத்தகம் போட்டாள். பள்ளிக்கூட டீச்சர். சுற்றுவட்டாரத்துப் பெருமாள் கோயில்களுக்கு எந்த பஸ்ஸில் போவது, நடை எப்போது திறந்திருக்கும், திறக்காவிட்டால் பட்டாச்சாரியார் வீடு எது என்று எல்லாம் அதில் இருந்தது. அதற்காகக் கோடை விடுமுறைகளை வெயிலில் அலைந்தே கழித்தாள். திருப்புட்குழியில் பூட்டிய கதவைச் சேவித்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. இது விற்றால் அடுத்த விடுமுறையில் தெற்கே போய் நவதிருப்பதிக்கும் இப்படி ஒன்று எழுதுவதாக இருந்தாள்.

முதல் பிரதியை வாங்கியவர் பாச்சா. அமெரிக்காவில் இருக்கும் மகன் ராமானுஜின் கிரெடிட் கார்டில்தான். இருந்தாலும் வாங்கினார். தங்கையின் பெருமை வீட்டோடு நின்றுவிடலாமா? அன்றைக்கே தெரிந்தவர்கள் எல்லாருக்கும் மெயிலில் அனுப்பினார்: 'என் தங்கை எழுதியது. தாராளமாகப் பரப்பவும்.'

பரப்பினார்கள். கருட சேவையன்று கோயில் வாசலில், "பாச்சா சார், நீங்க அனுப்பிச்ச புஸ்தகம் பிரமாதம்" என்று ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாச்சா அடக்கமாகத் தலை குனிந்தார். பக்கத்தில் நின்றவளைக் காட்டி, "இவதான் எழுதினா" என்று சொல்லவும் மறக்கவில்லை. அவர்களில் ஒருவர் ரமாமணியிடம் திரும்பி, ஒரு பஸ்ஸின் நேரம் மாறிவிட்டது, திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் ரமாமணி சொன்னாள்: "பாச்சாண்ணா, இதுவரைக்கும் வித்தது ஒண்ணே ஒண்ணு. நீங்க வாங்கினது."

"காசு கொடுத்து வாங்கினேன். என் புஸ்தகத்தை நாலு பேருக்குக் கொடுக்கக் கூடாதா? லைப்ரரில கொடுக்கலையா?"

"லைப்ரரில கொடுத்தா அலமாரியில இடம் காலியாகும். உங்ககிட்ட அது அப்படியே இருக்கே. நீங்க கொடுக்கலை, அச்சடிச்சு விநியோகம் பண்ணிண்டிருக்கேள்."

"எல்லாரும் நம்ம மனுஷாதானேடி."

"அதான் கஷ்டம். நம்ம மனுஷாளை விட்டா என் புஸ்தகத்தை வேற யார் வாங்குவா?"

பாச்சாவுக்கு அன்று புளியோதரை இறங்கவில்லை. மனிதர் கெட்டவர் அல்ல. இந்த ரகத்தில் யாருமே கெட்டவர் இல்லை, சங்கடமே அதுதான். மறுநாள் மனசு கேட்காமல் எல்லாருக்கும் எழுதினார்: 'என் தங்கையின் புத்தகத்தை நான் அனுப்பியது தவறு. தயவுசெய்து அழித்துவிட்டு, விலை கொடுத்து வாங்கவும்.' எழுதிவிட்டு யோசித்தார். அவர் அனுப்பிய புத்தகங்கள் கொஞ்சமா நஞ்சமா? எதை அழிப்பது என்று பாவம், ஜனங்கள் குழம்பிவிடக் கூடாதே. அடையாளத்துக்காக அந்தப் புத்தகத்தையும் கூடவே இணைத்தார்.

மத்தியானத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. 'போன தடவை திறக்கவில்லை, இப்போது நன்றாகத் திறக்கிறது, மிக்க நன்றி' என்று எழுதியிருந்தார் ஒருவர். ரமாமணி அடுத்த விடுமுறையில் எங்கும் போகவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பாச்சாவைப் போலவே ஒருவர் உங்களுக்குத் தெரியும், இதை உடனே அவருக்கு அனுப்பியாக வேண்டும் என்று கை பரபரக்கிறதல்லவா? அனுப்புவதற்கு முன்னால், அந்தக் கை யாருடையது என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.