தையல்கடைப் பொம்மைக்கு அக்கி

நூலய்யா காசைக் கையால் தொடமாட்டார். அதிலேயே பாதி ஊர் மயங்கிவிட்டது. மீதிப் பாதியைச் செல்போன் வீடியோக்கள் பார்த்துக்கொண்டன.

மூடிப்போன மரச்சாமான் கடையின் மாடியில் அவர் தர்பார். விடிவதற்குள் படிக்கட்டு வரை வரிசை. அக்கி என்பது உடம்பைச் சுற்றும் பாம்பாம். தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் காலியாம். அய்யா கண்ணை இறுக மூடிக்கொண்டு, நோயாளியின் மார்பை வெள்ளை நூலால் அளப்பார். நூலைச் செம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். கூடவே ஒரு தங்க மோதிரமும் போடவேண்டும். பாம்புக்குத் தங்கம்தான் பிடிக்குமாம், அதுவும் தரம் பார்த்துத்தான் சாப்பிடுகிறது! ஒரு மணி நேரம் கழித்து அதே நூலால் அளந்தால் இரண்டு விரல் எட்டாது. நூல் சுருங்கினால் பாம்பு சுருங்கியது என்று அர்த்தம். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஏழு நாளைக்கு ஊசி, மாத்திரை கூடாது.

நல்ல உடம்புக்காரர்களுக்கு அக்கி பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்று, தானாகவே காய்ந்துவிடும். அந்தப் பெயரையெல்லாம் அய்யா வாங்கிக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த தையற்காரிக்கு இதெல்லாம் காதில் விழுந்ததுதான். ஆனால் அவள் தங்கைக்கு மார்பில் புற்று. நாலாவது கீமோ முடிந்திருந்தது. உடம்பு பாதியாகிவிட்டதால் சட்டையைப் பிடித்துத் தைக்க அளவெடுக்கப் போனாள். நாடா விலாவில் பட்டதும் தங்கை துடித்துப்போனாள். முதுகுத்தண்டிலிருந்து மார்பு வரை ஒரு பக்கமாகக் கொப்புளங்கள்.

"என்னடி இது?"

"அக்கிக்கா. நேத்துதான் வந்துச்சு. அவர் நூலய்யாகிட்ட கூட்டிட்டுப் போனார்."

ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தது: கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் உடனே கூப்பிடவும். தையற்காரி கூப்பிட்டாள்.

"சின்னம்மைக் கிருமிதாம்மா அது. எப்பவோ வந்துட்டு நரம்புக்குள்ள பதுங்கிக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சா எழுந்திரிச்சிடும்" என்றாள் நர்ஸ். "இவங்களுக்கு உடம்பெல்லாம் பரவலாம். நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

தங்கை புருஷன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "நூல் ரெண்டு விரல் குறைஞ்சத என் கண்ணால பாத்தேன்கா. இப்ப ஊசி போட்டா பாம்பு சீறிடும். இவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" அவன் குரல் உடைந்தது. அவன் வராமல் தங்கையும் வரமாட்டேன் என்றாள்.

தையற்காரிக்கு அவனை அறையவும் தோன்றியது, சேர்ந்து அழவும் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது: இரண்டு விரலா? "புதுத் துணிய நனைச்சுக் காயவச்சுக் குடுங்க, இல்லைனா சுருங்கும்" என்று தினமும் தொண்டை கிழியச் சொல்பவள் அவள்.

"தம்பி, எனக்கு ரெண்டே ரெண்டு மணி நேரம் குடுங்க. என் வாடிக்கைக்காரி ஒருத்திக்கும் அக்கி. துணைக்கு வாங்க. அதுக்கப்புறமும் நூலய்யாதான்னு சொன்னா, நான் வாயே திறக்கல."

வாடிக்கைக்காரி சக்கர நாற்காலியில் வந்தாள்; படியில் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். போர்வை, தலையில் முக்காடு, முகத்தில் மாஸ்க். "பாவம், முத்திப்போச்சு போல" என்று கூட்டம் வழிவிட்டது. செம்பில் 'டிங்' என்று ஏதோ விழுந்த சத்தத்தில் அய்யாவின் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே அளந்தார்.

"பொல்லாத பாம்பு. தூக்கமே இருக்காதே?"

"தூங்கி நான் பாத்ததே இல்லைங்க" என்றாள் நாற்காலியைத் தள்ளிவந்த தையற்காரி.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குமே?"

"இதுவரைக்கும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லைங்க."

"சாப்பாடு?"

"ஒரு வாய் உள்ள போகாது."

"சொன்னேன்ல!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. நூல் இரண்டு விரல் எட்டவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. தையற்காரி போர்வையை இழுத்தாள்.

உள்ளே தையல்கடைப் பொம்மை. கையில்லை, காலில்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் வெட்டுத்துணி மூட்டை.

முன்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "பொம்மைக்கே விஷத்த இறக்கிட்டாரே!" நம் ஆட்களை அத்தனை லேசில் திருத்திவிட முடியுமா?

தையற்காரி பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். "இது நான் மூணு தடவை நனைச்சுக் காயவச்ச நூல். இதச் சுருக்குங்க, பாப்போம்."

"அந்த நூல்ல சக்தி இல்ல" என்று சீறினார் அய்யா.

"அப்போ சக்தி உங்ககிட்ட இல்ல. சுருங்குறது நனைக்காத நூலோட குணம்."

தங்கை புருஷன் செம்பைத் தூக்கித் தரையில் கவிழ்த்தான். ஒரு பித்தளைப் பொத்தான் உருண்டது.

"நேத்து நான் போட்ட மோதிரம் எங்க?"

"பாம்பு... தின்னுடுச்சு."

"பொத்தான மட்டும் ஏன் விட்டுச்சு?"

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. மோதிரம் போனால் போகட்டும் என்று படிகளில் தாவி இறங்கி வீட்டுக்கு ஓடினான். அய்யாவும் ஓடத்தான் பார்த்தார். ஆனால் அவரே வளர்த்த வரிசை படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கே தங்கையின் கையில் மருந்து ஏறியது. ஆறாம் நாள் கொப்புளங்கள் காய்ந்தன. "நல்லவேளை, அந்த ஏழு நாள் காத்திருக்கல" என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டிருந்த புருஷன் மருந்துச் சீட்டை இரண்டாம் தடவை படித்தான்.

பொம்மை மறுபடி கடை வாசலில் நிற்கிறது. அதற்குத் தலை கிடையாது, ஆகவே நூலய்யாவிடம் ஏமாந்ததற்கு அதன்மேல் குற்றமில்லை. வரிசையில் நின்ற மற்ற எல்லோருக்கும் தலை இருந்தது.