உலை மட்டும் நன்றாக வந்த படம்

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் தொங்கும்போதுதான் அந்த யோசனை தோன்றியது: ஓய்வு பெறும் நைனாவை நானே படம் எடுத்தால் என்ன?

நைனா (எங்கள் பக்கம் அப்பாவுக்கு அதுதான் பெயர்) இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை ஆள். அங்கே ஒரு வழக்கம். கடைசி ஷிப்டில், இரும்பை ஊற்றும் நேரத்தில், ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு உலை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதோடு சரி, அப்புறம் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஸ்டுடியோக்காரர் வருவதாக இருந்தது. "இன்னாத்துக்கு நைனா அவரு? என்னாண்டதான் டிஜிட்டல் கேமரா கீதே!" என்று தடுத்துவிட்டேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அந்தக் கருவி கையிலிருந்தால் தலையில் கொம்பு முளைக்கும்.

படத்தில் எது தெரிய வேண்டுமோ அதைக் குறிவைத்து ஒளியை அளக்கச் சொன்னது கையேடு. நானோ மேதை. உருகிய இரும்பு வெளுத்துவிடக் கூடாதென்று அதன் மேலேயே அளந்து, அந்த அளவு மாறாதபடி பூட்டி, கேமராவை நைனா பக்கம் திருப்பினேன். (ஃப்ளாஷா? அது கத்துக்குட்டிகளுக்கு.)

"எம்மாம் நேரம்டா? மூஞ்சி வேவுது."

"சிரி நைனா!"

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"ஆச்சா தம்பி? நவுரு, நவுரு!" என்று சூப்பர்வைசர் விரட்டினார். கேமராத் திரையில் இரும்பு ஆரஞ்சாக ஜொலித்தது. "சூப்பரா வந்துக்குது!" என்றேன்.

பிரிண்ட்டைப் பார்த்த அம்மா கேட்டாள்: "இன்னாடா இது, உங்க நைனாவக் காணோம்?"

உலைக்குப் பக்கத்தில் மாலை போட்ட கரிமூட்டை ஒன்று நின்றது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றினேன். முகம் வரவில்லை, அம்மை போட்டதுபோல் புள்ளிகள் வந்தன.

நைனா வெகுநேரம் பார்த்தார். "உலை நல்லா வந்துக்குது. காலமெல்லாம் அதயேதான் பாத்துக்கினு இருந்தேன். ஊட்லயும் அதுதானா?"

வேறு படம் இல்லாததால் அம்மா அதற்கே சட்டம் போட்டு மாட்டினாள். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கண்ணில் படாவிட்டால், "போட்டோல தேடு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நைனா சிரிப்பதில்லை.

வருகிற ஞாயிறு அவரைக் கூட்டிப்போய்க் கம்பெனி கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நிறுத்தப்போகிறேன். இந்தத் தடவை அவர் மூக்கைக் குறிவைத்துத்தான் அளவு. பின்னால் கம்பெனி மொத்தமும் வெளுத்துக் காணாமல் போனால் போகட்டும்.